கரும்புகையும் காணாப் புகையும்

1924-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 28-ஆம் நாள், ஜொகூர் நீரிணையின் குறுக்கே அமைந்த கடற்பாலம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. புலாவ் ஊபினிலும் புக்கித் தீமாவிலும் வெட்டிய கருங்கற்களைக் கடலில் கொட்டி, 1,056 மீட்டர் நீளத்துக்கு எழுப்பப்பெற்ற அந்தக் கற்கரை, மலாய்த் தீபகற்பத்தையும் சிங்கப்பூர்த் தீவையும் ஒன்றாகப் பிணைத்தது. அதே ஆண்டில் ஜெர்மனி நாட்டில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. எம்.ஏ.என். என்னும் தொழிலகம், எரிபொருளை நேரே உருளைக்குள் பீய்ச்சும் டீசல் இயந்திரம் பூட்டிய லோரி ஒன்றைச் செய்து சாலையில் ஓட்டிக் காட்டியது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் அன்று யாதொரு தொடர்பும் இல்லை. நூறாண்டு கழிந்த பின் திரும்பிப் பார்க்குங்கால், ஜொகூரின் காற்றைப் பற்றிய வரலாறு இவ்விரண்டும் வந்து கூடிய இடத்திலேயே தொடங்குகிறது எனலாம்.

வரலாறு என்றால் மன்னர் பரம்பரையும் போர்களும் உடன்படிக்கைகளுமே என்று எண்ணுவது வழக்கம். மக்கள் மூச்சாக இழுக்கும் காற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதற்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன; சட்டங்களை ஏய்க்கும் சூழ்ச்சிகளும் எழுந்தன; வழக்குகளும் தண்டங்களும் வந்தன. கனரக டீசல் வண்டிகள் வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடு என்னும் வாயுவைக் கட்டுக்குள் கொணர உலகம் எடுத்துக்கொண்ட முயற்சி அத்தகைய வரலாறுகளுள் ஒன்று. ஒரு கரையில் ஒரு சட்டமும் மறு கரையில் வேறொரு சட்டமும், இடையே பிரிக்க முடியாத ஒரே காற்றும் உள்ள ஜொகூரில் அவ்வரலாறு தெளிவாகப் புலப்படுகிறது.

டீசலின் பிறப்பு

ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1893-இல் தம் புதிய இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் அது வெற்றியுடன் இயங்கியது. அக்கால நீராவி இயந்திரங்கள் நிலக்கரியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கை வேலையாக மாற்றுவதே அரிதாக இருந்தது. டீசலின் இயந்திரமோ எரிபொருளின் ஆற்றலில் கால் பங்குக்கு மேல் வேலையாக்கிக் காட்டிற்று. தொழில் உலகம் அதனைக் கைநீட்டி வரவேற்றதில் வியப்பில்லை.

அதன் இயக்கமுறை எளியது. உருளைக்குள் இழுத்த காற்றைப் பிஸ்டன் பதினைந்தில் ஒரு பங்காகவோ அதனினும் குறைவாகவோ அழுத்துகிறது. மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது குழாயின் அடி சுடுவதை யாவரும் அறிவர். அதே விதிப்படி, கடுமையாக அழுத்தப்பட்ட காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறுகிறது. அந்நிலையில் எண்ணெயைத் துளித்துளியாகப் பீய்ச்சினால், தீப்பொறி ஏதுமின்றித் தானே பற்றிக்கொள்கிறது. எரியும் சுவாலையின் வெப்பம் 2,000 பாகைக்கு மேற்செல்லும்.

சிக்கல் தொடங்குவது இவ்விடத்திலேதான். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் பிராணவாயு. எஞ்சியதில் ஏறத்தாழ முழுவதும் நைட்ரஜன். நைட்ரஜன் இயல்பாக யாருடனும் எளிதில் உறவு கொள்ளாத வாயு. ஆயினும், பெருவெப்பத்தில் அதன் பிணைப்பும் அறுந்துவிடுகிறது. அறுந்த அணுக்கள் பிராணவாயுவுடன் கூடி நைட்ரஜன் ஆக்சைடாகின்றன. இங்கிலாந்து அறிஞர் ஹென்றி கேவண்டிஷ், காற்றில் மின்பொறி பாய்ச்சினால் நைட்ரிக் அமிலம் உண்டாவதை 1785-இலேயே எடுத்துக்காட்டினார். வானத்து மின்னலும் இதே வேலையைச் செய்கிறது. இடி மின்னலோடு பெய்யும் மழை பயிருக்கு நல்லது என்று நம் உழவர் சொல்லிவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சுவாலையின் வெப்பம் ஏற ஏற இந்த ஆக்சைடு பன்மடங்கு பெருகுவது எவ்வாறு என்பதை ருசிய அறிஞர் யாகோவ் செல்டோவிச் 1940-களில் விளக்கினார். இன்றுவரை இயந்திரப் பொறியாளர் கைக்கொள்ளும் அடிப்படை அவ்விளக்கமே.

மின்னல் வானத்தில் எப்போதோ வெட்டுகிறது. சாலையில் ஓடும் ஒவ்வொரு லோரியின் உருளைக்குள்ளும் ஒரு நிமிடத்துக்குப் பல நூறு முறை தீ மூள்கிறது. உழவனுக்கு உரமாவது, நெரிசலான தெருவில் நஞ்சாகிறது.

நஞ்சின் தன்மை

புகைக்குழாயை விட்டு வெளியேறும் நைட்ரிக் ஆக்சைடு காற்றுடன் கலந்து நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுகிறது. இது மூச்சுக்குழலின் உட்சவ்வை எரிச்சலூட்டி வீங்கச் செய்யும். ஆஸ்துமா நோயுடையவருக்கு நோயை முற்றச் செய்யும். சிறுவர்க்கு மூச்சு நோய்களை எளிதில் வரவழைக்கும். அதன் கேடு அத்துடன் நிற்பதில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரிக்கும் பழுப்பு மூட்டம் மூடிக்கொண்டபோது, ஆரி ஹாகன்-ஸ்மித் என்னும் வேதியியல் அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் அதன் மூலத்தைக் கண்டறிந்தார். வண்டிகள் விடும் நைட்ரஜன் ஆக்சைடும், எரியாது தப்பிய எண்ணெய் ஆவியும், கதிரவன் ஒளியில் ஒன்றோடொன்று வினைப்பட்டு ஓசோன் முதலிய வாயுக்களைப் பிறப்பிக்கின்றன என்பதே அவர் கண்ட உண்மை. ஆண்டு முழுவதும் வெயில் காயும் நாடுகள் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். மேலும், இவ்வாயு அமோனியாவுடன் சேர்ந்து மிக நுண்ணிய துகள்களாகவும் படிகிறது. மழையில் கரைந்து அமிலமாகவும் இறங்குகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று 2012-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அறிவித்தது. அதே நிறுவனம் 2021-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, ஒரு கனமீட்டர்க் காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடின் இருபத்துநான்கு மணிநேரச் சராசரி 25 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. மலேசியா 2020-ஆம் ஆண்டுக்கென வகுத்த தரமோ 70 மைக்ரோகிராம். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே, இன்னும் நடக்க வேண்டிய தொலைவைக் காட்டும்.

இருபுறமும் இடிக்கும் மத்தளம்

டீசல் வண்டி என்றவுடன் யாவர்க்கும் நினைவில் எழுவது மேட்டில் திணறி ஏறும் லோரி கக்கும் கரும்புகை. அக்கரும்புகை எரியாத கரித்துகள். நைட்ரஜன் ஆக்சைடோ புகைக்குழாயின் வாயிலில் கண்ணுக்குத் தெரிவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே விந்தையானதொரு பகைமை உண்டு.

உருளைக்குள் வெப்பம் மிகுந்து, எண்ணெய் முழுவதும் நன்றாக எரிந்தால் கரும்புகை குறையும், எண்ணெயும் மிச்சமாகும். ஆனால் வெப்பம் மிகுந்ததால் நைட்ரஜன் ஆக்சைடு பெருகும். வெப்பத்தைத் தணித்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கரும்புகை தலைகாட்டும், எண்ணெய்ச் செலவும் ஏறும். எண்ணெய் பீய்ச்சும் நேரத்தைச் சற்று முன்தள்ளினால் ஒரு கேடு, பின்தள்ளினால் மற்றொரு கேடு. மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பார்கள். டீசல் பொறியாளரின் நிலையும் அதுவாகவே நெடுங்காலம் இருந்தது.

சட்டம் எப்போதும் கண்ணுக்குத் தெரிந்ததையே முதலில் பிடிக்கிறது. மலேசியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் பிறந்தது. வண்டிகளின் புகையையும் வாயுவையும் கட்டுப்படுத்தும் விதிகள் 1977-இல் வந்தன. பின்னர், டீசல் இயந்திரங்களுக்கென்றே தனி ஒழுங்குமுறை 1996-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஓடும் வண்டியின் புகை 50 ஹார்ட்ரிட்ஜ் அலகுக்கு மேற்படலாகாது என்பது அதன் நாடறிந்த விதி. ஹார்ட்ரிட்ஜ் அலகு என்பது புகையின் ஊடே ஒளியைச் செலுத்தி அளப்பது. தெளிந்த காற்று சுழி. ஒளி சிறிதும் ஊடுருவாத புகை நூறு. ஆக, 50 என்பது பாதி ஒளியை மறைக்கும் புகை. இந்தக் கருவி கரித்துகளை நன்கு அளக்கும். நைட்ரஜன் ஆக்சைடைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. அதே ஒழுங்குமுறை புதிய வண்டிகளின் வாயுக்களுக்கும் எல்லை வகுத்தது உண்மையே. ஆயினும் அந்த எல்லையை வண்டி பிறக்கும்போது சான்றிதழில் காணலாமேயன்றி, சாலையில் நின்று அளப்பது எளிதன்று. சாலையோரம் நிறுத்திச் சோதிக்கும் அலுவலர் கையில் இருந்தது ஒளியை அளக்கும் கருவி மட்டுமே.

இதனால் நேர்ந்த முரண் கருதத்தக்கது. கரும்புகைக்குத் தண்டம் வருமென்று அஞ்சி இயந்திரத்தைச் சூடாக எரியவிடும் வண்டி, சோதனையில் தேறிவிடும். அது வெளிவிடும் காணாப் புகை முன்னிலும் மிகுதியாக இருக்கக்கூடும்.

எல்லைகள் சுருங்கின

காணாப் புகைக்கு எண்ணளவில் எல்லை வகுத்து, அந்த எல்லையைப் படிப்படியாகச் சுருக்கியதில் ஐரோப்பிய நாடுகளின் விதிகள் உலகுக்கு அளவுகோலாயின. இயந்திரம் ஒரு கிலோவாட் மணி வேலை செய்யும்போது எத்தனை கிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம் என்பதே கணக்கு. 1992-இல் வந்த யூரோ 1 விதி 8 கிராமுக்கு இடங்கொடுத்தது. 2000-இல் யூரோ 3 அதனை 5 ஆக்கியது. 2005-இல் யூரோ 4 விதியில் 3.5, 2008-இல் யூரோ 5 விதியில் 2, 2013-இல் யூரோ 6 விதியில் 0.4. இருபதாண்டுகளில் இருபதில் ஒரு பங்காகக் குறைந்தது என்பது சிறிய சாதனையன்று.

இப்பாதை நேர்மையாகவே சென்றதென்று எண்ணிவிடலாகாது. 1990-களில் இயந்திரங்களுக்குள் கணிப்பொறி புகுந்தது. ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும்போது ஒரு முறையிலும், நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது வேறொரு முறையிலும் எண்ணெய் பீய்ச்சுமாறு அதற்குக் கட்டளை எழுத முடிந்தது. சாலையில் எண்ணெய் மிச்சம். விலையாகக் கொடுத்ததோ அளவு மீறிய நைட்ரஜன் ஆக்சைடு. அமெரிக்க அரசு இதனைக் கண்டுபிடித்துக் குற்றஞ்சாட்டவே, கேட்டர்பில்லர், கம்மின்ஸ், வோல்வோ உள்ளிட்ட ஏழு பெருந்தொழிலகங்கள் 1998-ஆம் ஆண்டு அக்டோபரில் உடன்பாட்டுக்கு வந்தன. தண்டமாக மட்டும் எட்டுக் கோடி டாலருக்கு மேல் விதிக்கப்பட்டது. சிறுவண்டிகளில் இதே வகைச் சூழ்ச்சி 2015-இல் வோக்ஸ்வாகன் நிறுவனத்தாரிடம் வெளிப்பட்டு உலகை அதிரவைத்தது. ஆய்வுக்கூடத்தில் பெற்ற சான்றிதழை நம்பிச் சாலையை மறத்தலாகாது என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் புகட்டிய பாடம். அதன் பின்னரே, அளக்கும் கருவியை வண்டியிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டிச் சோதிக்கும் முறை சட்டத்தில் உறுதியாக இடம்பெற்றது.

இரு மருந்துகள்

நைட்ரஜன் ஆக்சைடுக்குப் பொறியாளர் இரு மருந்துகளைக் கண்டனர். முதலாவது, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் உருளைக்குள் அனுப்புவது. ஏற்கெனவே எரிந்த புகையில் பிராணவாயு குறைவு; ஆதலால் சுவாலை தணிகிறது, ஆக்சைடு குறைகிறது. ஆனால் கரித்துகள் கூடுகிறது. அதனைப் பிடிக்கத் தனி வடிகட்டி வேண்டியிருக்கிறது.

இரண்டாவது மருந்து, உருளைக்குள் தீயை நன்றாக எரியவிட்டு, வெளியே வரும் ஆக்சைடைப் புகைக்குழாயிலேயே அழித்துவிடுவது. நைட்ரஜன் ஆக்சைடுடன் அமோனியாவைக் கலந்து ஒரு வினையூக்கியின் மீது செலுத்தினால், இரண்டும் தம்முள் வினைப்பட்டுத் தூய நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறிவிடும். இதன் அடிப்படை உரிமை 1957-இல் அமெரிக்காவில் பெறப்பட்டது. 1970-களில் ஜப்பானிய அறிஞர்கள் மின்னிலையங்களின் புகைபோக்கிகளில் இதனைச் செயல்படுத்தினர். 2005 முதல் ஐரோப்பிய லோரிகளில் இது பரவியது. பகைமை கொண்டிருந்த இரு புகைகளையும் ஒருங்கே குறைக்க முடிந்தது இம்முறையால்தான். மத்தளத்தின் ஒருபுற இடி நின்றது.

அமோனியாவை லோரியில் ஏற்றிச் செல்வது ஆபத்து. ஆகவே அதற்குப் பதிலாக யூரியாவை நீரில் கரைத்து எடுத்துச் செல்கின்றனர். நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, எஞ்சியது தூய நீர். சூடான புகையில் தெளித்ததும் யூரியா சிதைந்து அமோனியாவைத் தருகிறது. நூறு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் கரைசல் போதும்.

யூரியா என்னும் சொல் ஜொகூர்த் தமிழருக்குப் புதியதன்று. 1828-இல் ஃபிரெடரிக் வோலர் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய அப்பொருள், பின்னாளில் பெருந்தொழிலாகி, தோட்டங்களில் மரங்களுக்கிடும் உரமாக வந்து சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத் தொழிலாளர் வாளியில் சுமந்து சென்று தூரில் தூவிய வெள்ளைக் குருணை அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்பு நிலங்களாகவும் மாறியபோது, அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலர் லோரி ஓட்டுநராயினர். பெற்றோர் மரத்துக்கு இட்ட பொருளையே பிள்ளைகள் வண்டியின் தனிக் கலத்தில் ஊற்றும் காலம் வந்தது. மலேசியா கெடா மாநிலத்துக் குருணிலும் சரவாக்கின் பிந்துலுவிலும் யூரியா ஆக்கும் நாடு. 2021-இன் இறுதியில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, கரைசல் கிடைக்காமல் தென்கொரியாவின் லோரிகள் நின்றுபோகும் நிலை உண்டாயிற்று. மூலப்பொருளைத் தானே ஆக்கும் நாட்டுக்கு அது ஓர் அரண் என்பதில் ஐயமில்லை.

இரு கரைகள், இரு சட்டங்கள்

ஜொகூரின் சாலைகள் கனரக வண்டிகளால் நிறைந்தது ஒரே நாளில் அன்று. பாசிர் கூடாங் துறைமுகம் 1977-இல் தொழிலைத் தொடங்கியது. அதனைச் சூழ எண்ணெய் ஆலைகளும் இரசாயன ஆலைகளும் எழுந்தன. 1998 ஜனவரியில் சிங்கப்பூரின் துவாசுக்கு இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. 1999-இல் சோதனை ஓட்டம் தொடங்கிய தஞ்சோங் பெலேபாஸ் துறைமுகம், 2021 முதல் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட கொள்கலன் அலகுகளைக் கையாளும் பெருந்துறையாக வளர்ந்துவிட்டது. செம்பனை எண்ணெயும், மரப்பொருள்களும், மின்கருவிகளும், காய்கறிகளும் குளுவாங், கூலாய், ஸ்கூடாய் வழியே இத்துறைமுகங்களுக்கும் இரு பாலங்களுக்கும் லோரிகளிலேயே செல்கின்றன.

மறு கரையில் சிங்கப்பூர் தன் விதிகளை விரைந்து இறுக்கியது. புதிய டீசல் வண்டிகளுக்கு 2006 அக்டோபரில் யூரோ 4, 2014 ஜனவரியில் யூரோ 5, 2018 ஜனவரியில் யூரோ 6 என வரிசையாக விதித்தது. பழைய லோரிகளைக் காலத்துக்கு முன்பே மாற்றுவோருக்குச் சலுகை தரும் திட்டத்தை 2013-இல் தொடங்கியது. ஆயினும் ஜொகூரில் பதிவான லோரி தன் சொந்த நாட்டு விதிப்படி செய்யப்பட்டதே. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் அதன் கரும்புகையைப் பார்க்க முடியும். காணாப் புகையைத் தடுத்து நிறுத்த முடியாது. காற்றுக்குக் கடப்பிதழ் இல்லை.

மலேசியாவின் தடை இயந்திரத்தில் மட்டும் இல்லை. எரிபொருளில் முதலில் இருந்தது. நெடுங்காலம் விற்கப்பட்ட யூரோ 2எம் டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். கந்தகம் எரிந்து கந்தக அமிலமாகிக் குளிர்விக்கும் குழாய்களை அரிக்கும். வினையூக்கியின் மேற்பரப்பில் படிந்து அதனை மழுங்கச் செய்யும். அமோனியாவுடன் சேர்ந்து உப்பாகி அடைக்கும். எத்துணை விலையுயர்ந்த புதிய லோரியை வாங்கினாலும், அந்த எண்ணெயை ஊற்றினால் அதன் தூய்மைக் கருவிகள் நாளடைவில் நோயுறும். தூய எண்ணெய் வந்தாலன்றித் தூய வண்டி வர இயலாது. தூய வண்டி இல்லாதபோது தூய எண்ணெயை விற்பார் யார்? விதை முந்தியதா மரம் முந்தியதா என்னும் வழக்கு இது.

இவ்வழக்கு மலேசியாவில் முதன்முதல் அவிழ்ந்தது ஜொகூரிலேதான். 10 பங்குக்கு மேல் கந்தகம் இல்லாத யூரோ 5 டீசலை, பி.எச். பெட்ரோல் நிறுவனம் 2014-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜொகூரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. சாதாரண டீசலைவிட லிட்டருக்கு 10 சென் கூடுதல் விலை. எல்லைக்கு அப்பால் யூரோ 5 விதி அதே ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்திருந்தது. அவ்வகை வண்டிகள் நாள்தோறும் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தன. அண்டை வீட்டாரின் சட்டம் நம் வீட்டுக் கடைச்சரக்கை மாற்றும் என்பதற்கு இது சான்று. தூய எண்ணெய் பின்னர் வடக்கு நோக்கிப் பரவியது. 2021 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நாடு முழுவதும் கட்டாயமாயிற்று. அதற்கிடையே ஜொகூரின் தென்கிழக்கு முனையில், கோத்தா திங்கி மாவட்டத்துப் பெங்கெராங்கில், நாளொன்றுக்கு 3,00,000 பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கவல்ல பேராலை எழுந்தது. யூரோ 5 தரமுள்ள எண்ணெய் ஆக்குவதற்கென்றே வகுக்கப்பட்ட ஆலை அது. இவ்வாறு, தூய எண்ணெய் முதலில் விற்கப்பட்ட மாநிலமே அதனை ஆக்கும் மாநிலமும் ஆனது.

எஞ்சியுள்ளது

எண்ணெய் மாறியதும் காற்று மாறிவிட்டது என்று கொள்வது பிழை. கந்தகம் நீங்கிய எண்ணெய், கரித்துகளைச் சிறிது குறைக்கும். நைட்ரஜன் ஆக்சைடைத் தானாகக் குறைக்காது. ஏனெனில் அது எண்ணெயிலிருந்து வருவதன்று. காற்றிலிருந்தும் வெப்பத்திலிருந்தும் பிறப்பது. தூய எண்ணெய் கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே நுழைய வேண்டியது புதிய இயந்திரம். லோரி என்பது பதினைந்து, இருபது ஆண்டு உழைக்கும் பொருள். சிறு முதலாளியொருவர் கடன்பட்டு வாங்கிய பழைய வண்டியே அவர் குடும்பத்தின் சோறு. அவரிடம் நாளையே வண்டியை மாற்றுக என்று சட்டம் மட்டும் சொன்னால் அது நடவாது. சிங்கப்பூர் செய்ததுபோல் கைகொடுக்கும் ஏற்பாடும் வேண்டும்.

அடுத்தது சோதனை. சரக்கு வண்டிகள் குறித்த காலத்துக்கொரு முறை ஆய்வுக்கு வருகின்றன. அங்கும் டீசல் வண்டியில் அளக்கப்படுவது பெரும்பாலும் புகையின் கருமையே. யூரியாக் கலம் வெறுமையாக இருந்தால் வண்டியின் வலிமை தானே குறையுமாறு பொறியாளர் அமைத்துள்ளனர். கலம் நிரம்பியிருப்பதாக இயந்திரத்தை நம்பவைக்கும் சிறு மின்கருவிகள் ஐரோப்பாவிலேயே பிடிபட்டிருக்கின்றன. அத்தகைய கருவி பூட்டிய வண்டி கரும்புகை சிறிதும் விடாது; ஹார்ட்ரிட்ஜ் சோதனையில் எளிதில் தேறும். கண்ணை நம்பிய சட்டத்தின் குறை இங்கே மீண்டும் வெளிப்படுகிறது.

மூன்றாவது, ஜொகூருக்கே உரிய இடர். யூரியா முறை வேலை செய்யப் புகைக்குழாய் ஏறத்தாழ 200 பாகை வெப்பத்துக்கு மேல் இருத்தல் வேண்டும். நெடுஞ்சாலையில் பாரம் ஏற்றி ஓடும் வண்டிக்கு அது எளிது. பாலத்தின் வாயிலில் மணிக்கணக்காக நின்று நின்று நகரும் வண்டியின் குழாய் ஆறிவிடுகிறது. கரைசல் பீய்ச்சுவது நின்றுவிடுகிறது. மிகச் சிறந்த வண்டிகூட, மக்கள் நெருங்கி வாழும் அந்த இடத்திலேயே தன் தூய்மையை இழக்கிறது. துறைமுக வாயிலில் நீளும் வரிசைக்கும் இது பொருந்தும். மெதுவோட்டத்தில் எழும் புகையையும் தனியே அளக்க வேண்டுமென்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் விதி வகுத்தது இக்காரணம் பற்றியே. இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது: சுங்கச் சாவடியில் தாள்வேலையை விரைவுபடுத்தி வரிசையைச் சுருக்குவதும் காற்றைத் தூய்மையாக்கும் செயலே.

2019-ஆம் ஆண்டு மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, நச்சாவி பரவி, ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. நாடே அதிர்ந்தது; வழக்குகள் தொடரப்பட்டன. அந்த நஞ்சு சில நாளில் வந்தது. அதனால் எல்லாரும் கண்டனர். லோரிகளின் காணாப் புகையால் எந்தப் பள்ளியும் மூடப்படுவதில்லை. சாலையோரப் பள்ளியில் இருமும் பிள்ளையின் பெயருக்கு நேரே வராமை என்று மட்டும் ஆசிரியர் குறித்துக்கொள்கிறார். அந்தச் சிறு குறிப்புக்கும் சாலைக்கும் உள்ள தொடர்பை எந்த ஏடும் பதிவு செய்வதில்லை.

கடற்பாலம் கட்டியவர்கள் இரு கரைகளையும் சேர்க்கக் கடலில் கல்லைக் கொட்டினார்கள். கரைகளுக்கு இடையே காற்று அதற்கு முன்பே சேர்ந்துதான் இருந்தது. கரும்புகையை விரட்டச் சட்டம் பல பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டது. எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்க மேலும் சில ஆண்டுகள் சென்றன. இனி எஞ்சியிருப்பது காணாப் புகை. அதனைக் காணக் கருவி உண்டு. அழிக்க மருந்தும் உண்டு. அம்மருந்தின் மூலப்பொருளோ தோட்டத்து மக்கள் நெடுங்காலம் கையாண்டு பழகிய வெள்ளைக் குருணை. அளக்கத் தொடங்குவதே அடுத்து ஆக வேண்டிய வேலை.